இரு ஃபேப்ரிசியஸ்களும் ஒரு பழுப்புப் பூச்சியும்

வண்ணத்துப்பூச்சி என்கிறோம், பட்டாம்பூச்சி என்கிறோம், ஈழத்தார் வண்ணாத்திப்பூச்சி என்பர். இப்பெயர்களுள் ஒன்று நிறத்தை நேராகவே சுட்டுகிறது. மற்றொன்று கேட்ட அளவில் பட்டின் பளபளப்பை நினைவூட்டுகிறது. நிறமே இவ்வுயிரின் இலக்கணம் என்று நம் மொழி தீர்ப்பு எழுதிவிட்டாற்போலத் தோன்றுகிறது. அங்ஙனமாயின், நிறமே இல்லாத வண்ணத்துப்பூச்சி ஒன்று இருந்தால் அதனை எப்பெயரிட்டு அழைப்பது?

அப்படியொரு பூச்சி இருக்கிறது. நெல்வயலிலும், சோளம், கம்பு விளையும் காட்டிலும், கரும்புத் தோட்டத்திலும், புல் மண்டிய வரப்பிலும் அது பிறந்து வளர்கிறது. பெலோபிடாஸ் மாதியாஸ் என்பது அதன் அறிவியற் பெயர். தமிழ்நாட்டுக் கடற்கரையூர் ஒன்றிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1798ஆம் ஆண்டில் உலக அறிவியலுக்கு அறிமுகமான உயிர் அது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் தமிழ் படித்த நமக்கு அதன் முகம் தெரியாது. அது எவ்வாறு பெயர் பெற்றது, எவ்வாறு நம் மொழியில் மட்டும் பெயரற்று நின்றது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

தோற்றம்

வரலாற்றுக்குள் நுழையுமுன் பூச்சியை ஒருமுறை கண்ணாரக் கண்டுவிடுதல் நன்று.

இது தாவி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்துக்குத் தத்தித் தாவி, கண் பின்தொடர இயலாத விரைவில் பறப்பதால் ஆங்கிலத்தார் இக்குடும்பத்துக்கு அப்பொருளில் பெயரிட்டனர். நாமும் ஈண்டுத் தாவி என்றே வழங்குவோம். உலகெங்கும் 3,500க்கு மேற்பட்ட தாவி இனங்கள் உள்ளன. ஏனைய வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்புகள் நுனியில் குமிழாய் முடியும். தாவிகளுக்கோ அந்நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். உடல் தடித்தது, தலை அகன்றது, கண்கள் ஒன்றுக்கொன்று விலகியவை. உடலை நோக்கச் சிறகு சிறியது. இக்காரணங்களால் முதன்முறை காண்போர் இதனை அந்துப்பூச்சி என்றே கருதிக் கடந்து செல்வர்.

சிறகு விரித்த நிலையிலும் மாதியாஸ் தாவி மூன்று முதல் நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மேற்புறம் மண்ணின் பழுப்பு. முன்சிறகில் ஒளி ஊடுருவும் சிறுசிறு வெண்புள்ளிகள் வளைந்த வரிசையில் அமைந்திருக்கும். பின்சிறகின் அடிப்புறம் சாம்பலும் பழுப்பும் கலந்தது. அதில் பிறைபோல் வளைந்த ஒரு புள்ளி வரிசையும், அதனுள்ளே தனித்து நிற்கும் ஒரு புள்ளியும் காணலாம். ஆண் பூச்சியின் முன்சிறகு மேற்புறத்தில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று சாய்வாக ஓடும். மணம் பரப்பும் தனிவகைச் செதில்களால் ஆனது அக்கோடு. பெண்ணுக்கு அக்கோடில்லை. வெயில் காயும்போது பின்சிறகுகளைத் தட்டையாக விரித்து, முன்சிறகுகளை மட்டும் பாதி உயர்த்தி அமர்ந்திருக்கும். பறக்க ஆயத்தமாகும் சிறு வானூர்தியை அது ஒக்கும்.

சாம்பல் நிறக் கோடுதான் இவ்வினத்தை இனங்காணும் திறவுகோல்களுள் ஒன்று. கால்நடைக்கு இடும் சூட்டுக்குறி போன்றிருப்பதால் ஆங்கிலத்தில் இப்பூச்சிக்குச் 'சூடிட்ட சிறு விரைவி' என்னும் பொருள்தரும் பெயர் அமைந்தது. இதனோடு நெருங்கிய உறவுடைய அக்னா என்னும் இனத்திலிருந்து இதனைப் பிரித்தறிய, முன்சிறகின் நடுவறையிலுள்ள இரு புள்ளிகளை ஒரு கற்பனைக் கோட்டால் இணைத்து அதனை நீட்டிப் பார்ப்பர். மாதியாசில் அக்கோடு சூட்டுக்குறியை வெட்டிச் செல்லும். யாப்பில் ஓர் அசை மாறினால் பாவினமே மாறிவிடும் என்று மாணவர்க்குச் சொல்லும் நமக்கு, இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டில் ஓரினத்தின் அடையாளம் தங்கியிருப்பது வியப்பளிக்க வேண்டியதில்லை.

தரங்கம்பாடியில் பெற்ற பெயர்

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் குடியமர்ந்தனர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதும், அங்கே தமிழ் அச்சேறியதும் நம் இலக்கிய வரலாற்று நூல்கள் தவறாது கூறும் செய்திகள். அவ்வூரின் மற்றொரு பணி அந்நூல்களில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடி, தென்னிந்திய உயிரினங்களை ஐரோப்பிய அறிவுலகுக்கு அனுப்பிய பெருவாயிலாக விளங்கியது.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் அங்கு வந்து செடிகொடிகளைத் திரட்டினார். சமயப் பணியாளரான சாமுவேல் ஜான் மீன்களையும் பிற உயிர்களையும் அனுப்பினார்; கொங்கு உழவர் நன்கறிந்த மண்ணுளிப் பாம்பின் அறிவியற் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டால்டார்ஃப் என்னும் படை அலுவலர் பூச்சிகளைச் சேர்த்தார். பனையேறி மீனைக் குறித்து 1797இல் இலண்டன் லின்னேயக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்த கட்டுரையும் அவருடையதே.

இவ்வாறு சென்ற பூச்சிகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடம் கீல் நகரம். அங்கே பேராசிரியராக இருந்தவர் யோகான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ். இவரும் லின்னேயசின் மாணவர். 1745இல் பிறந்து 1808இல் மறைந்தவர். 1792 முதல் 1794 வரை வெளிவந்த தம் பூச்சியியல் பெருநூலுக்கு 1798இல் ஒரு பிற்சேர்க்கை எழுதினார். அதில்தான் நம் பழுப்புப் பூச்சி 'ஹெஸ்பேரியா மாதியாஸ்' என்னும் பெயருடன், தரங்கம்பாடியை இருப்பிடமாகக் கொண்டு இடம்பெற்றது.

அக்காலத்து வகைப்பாட்டில் தாவிகளுக்குக் கிடைத்த இடம் கருதத்தக்கது. 1758இல் லின்னேயஸ் வண்ணத்துப்பூச்சிகளைப் பகுத்தபோது ஒளிரும் பெருஞ்சிறகு உடையவற்றுக்குக் 'குதிரை வீரர்' என்று பெயரிட்டு, திராய்ப் போரின் இரு தரப்பு வீரர் பெயர்களையும் அவற்றுக்குச் சூட்டினார். இறுதியில் எஞ்சிய சிறியவற்றை 'எளிய குடிகள்' என்னும் வகுப்பில் அடைத்தார். அவ்வெளிய குடிகளையும் நாட்டுப்புறத்தார், நகர்வாழ்நர் என இரண்டாக்கினார். தாவிகள் நகர்வாழ்நர் ஆயின. வயலிலும் புல்லிலும் வாழும் ஓர் உயிர்க்கு அப்பெயர் எவ்வகையிலும் பொருந்தாது. நிறத்தையும் அளவையும் கொண்டு உயிர்களுக்குள் குடிப்பிறப்புக் கற்பித்த காலம் அது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எளிய குடி என்று ஒதுக்கினாலும் அவர்கள் அதனைப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. புள்ளியை எண்ணினர், எழுதினர், பெயரிட்டனர்.

அகராதியும் பூச்சிப்பெட்டியும்

தமிழ் பயின்றோர் இவ்விடத்தில் ஒரு பெயர் மயக்கத்துக்கு ஆளாதல் கூடும். ஃபேப்ரிசியஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வேறொருவர். யோகான் பிலிப் ஃபேப்ரிசியஸ் 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னையில் நெடுங்காலம் பணிபுரிந்து, 1791இல் மறைந்தவர். விவிலியத்தைத் தமிழாக்கியவர். 1779இல் வேப்பேரியில் அவர் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி நம் அகராதி வரலாற்றில் ஒரு மைல்கல். திருத்தி விரிவாக்கப்பட்ட அதன் பதிப்பு 1897இல் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று.

ஆக, ஒரே பெயருடைய இருவர். இருவர் கதையிலும் தரங்கம்பாடி. ஒருவர் தமிழரின் சொற்களைத் திரட்டினார். மற்றவர் தமிழ் மண்ணின் பூச்சிகளுக்குப் பெயர் சூட்டினார். இரண்டு பணிகளும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. கீலில் இருந்தவர் இந்நாட்டில் கால் வைத்தவரல்லர். அவர்க்குத் தமிழ்ப்பெயர் தேவைப்படவில்லை. வேப்பேரியில் இருந்தவர்க்குச் சொற்களே பொருளாயின. பெயரில்லாத உயிர் அவர் அகராதிக்குள் வர வழியில்லை.

இரண்டையும் ஒரே கையில் வைத்திருந்த ஒருவரும் உண்டு. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் சிறந்த தாவரவியலார். அவரே பின்னாளில் பெரியதொரு தமிழ்–ஆங்கில அகராதியையும் தொகுத்தார். 1834இல் அச்சேறத் தொடங்கிய அது, 1836இல் அவர் மறைந்த பின்னர் 1841இல் நிறைவுற்றது. செடிகளைப் பொறுத்தவரை இவ்விணைப்பு இயல்பாக அமைந்தது. மருந்துக்கும் உணவுக்கும் பயன்படுதலால் செடிகளுக்குத் தமிழில் ஏராளமான பெயர்கள் இருந்தன. பூச்சிகளுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

நம் முன்னோர் பூச்சிகளைக் காணாதவர் அல்லர். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் பகுத்து, தும்பியை நான்கறிவு உயிர்களுள் வைத்தது. சங்கப் பாடல்களில் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனத் தேனுண்ணும் உயிர்களுக்கே பல சொற்கள். மழைக்குப் பின் தரையில் ஊரும் செந்நிற மூதாயும், புற்றிலிருந்து எழும் ஈயலும், இரவில் ஒளிரும் மின்மினியும் அவர்தம் கண்ணுக்குத் தப்பவில்லை. நிகண்டுகளும் விலங்கின் பெயர்த்தொகுதியில் இத்தகைய பெயர்களுக்கு இடமளித்தன. ஆனால் பெயர் பெற்றவற்றை உற்று நோக்கினால் அவை ஒலியாலோ, ஒளியாலோ, நிறத்தாலோ, தேனாலோ தம்மை அறிவித்துக்கொண்டவை என்பது விளங்கும். முரலாத, மின்னாத, பழுப்பு நிறச் சிறு பூச்சியைத் தனியே பெயரிட்டு அழைக்கும் தேவை நேரவில்லை. கொங்கு என்னும் சொல்லுக்கே தேன், பூந்தாது என்னும் பொருள்கள் உண்டு. அப்பெயர் பூண்ட நாட்டில் நாளும் பூவை நாடிவரும் பூச்சிக்குப் பெயரில்லை.

கோவையில் பெற்ற பட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பூச்சியின் அறிவியற் பெயரும் நிலைகொள்ளவில்லை. ஹெஸ்பேரியாவிலிருந்து சாப்ரா, பார்னாரா முதலிய பேரினங்களுக்கு மாறிமாறி, இறுதியில் 1870இல் வாக்கர் வகுத்த பெலோபிடாஸ் என்னும் பேரினத்தில் வந்தமைந்தது. பெலோபிடாஸ் என்பது பண்டைய கிரேக்கப் படைத்தலைவன் ஒருவனின் பெயர். 'எளிய குடி' காலப்போக்கில் படைத்தலைவன் பெயரைப் பெற்றது வரலாற்றின் விளையாட்டுப் போலும்! 1891இல் இந்தியத் தாவிகளைக் குறித்த விளக்கங்களையெல்லாம் வாட்சன் என்னும் படை அலுவலர் ஒரே நூலாகத் தொகுத்துச் சென்னையில் அச்சிட்டார். பின்னர் எவான்ஸ் என்னும் படைப் பொறியாளர் 1927இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலாக வெளியிட்ட இனங்காண் கையேடு, இந்தியத் தாவிகளின் ஆங்கிலப் பெயர்கள் பலவற்றை நிலைநிறுத்தியது.

இதற்கிடையில் கோவை இவ்வரலாற்றுக்குள் வருகிறது. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்விக்கூடம் 1906இல் கோவைக்குப் பெயர்ந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வித்து அதுவே. கரும்பு இன விருத்தி நிலையம் 1912இல் இங்கு அமைந்தது. அரசின் பூச்சியியலாராக இருந்த பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவர்க்குப் பின் அப்பணியேற்ற இராமகிருஷ்ண ஐயர் 1940இல் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டை எழுதினார். பயிரும் பூச்சியும் ஒருங்கே ஆராயப்பட்ட நகரமாகக் கோவை உருவாயிற்று.

இந்த அறிவு மரபில் நம் பூச்சிக்கு வேறொரு பட்டம் கிடைத்தது: நெல்லைத் தாக்கும் சிறு பகைப்பூச்சி. அப்பட்டம் பொய்யன்று. பெண் பூச்சி நெல், சோளம், கம்பு, கரும்பு, புல் ஆகியவற்றின் இலைமேல் முட்டைகளைத் தனித்தனியே இடும். பச்சை நிறப் புழு இலையின் விளிம்புகளைத் தன் வாய்நூலால் இழுத்துத் தைத்து, அக்குழலுக்குள் பதுங்கி வாழ்ந்து இலையைத் தின்னும். கூட்டுப்புழுவும் பச்சையே, முன்முனை கூரியது. உழவர் பெரிதும் அஞ்சும் இலைச்சுருட்டுப்புழு வேறு. அஃது ஓர் அந்துப்பூச்சியின் இளமைப் பருவம். தாவியின் புழு அவ்வளவு சேதம் விளைப்பதில்லை. குளவிகள் முதலிய ஒட்டுண்ணிகள் அதனைக் கட்டுக்குள் வைக்கின்றன. 'சிறு' என்னும் அடைமொழி வேளாண் நூல்களில் அதற்கு ஒட்டியிருப்பதன் காரணம் இதுவே.

கொங்கு நாட்டின் பண்ணைய அமைப்பும் இப்பூச்சிக்கு ஏற்றதே. மேட்டுக்காட்டில் சோளமும் கம்பும். நொய்யலின் குளப்பாசனத்திலும் பழைய காளிங்கராயன் வாய்க்காலிலும் நெல்லும் கரும்பும். பவானிசாகர் அணை 1955இல் நிறைவுற்றபின் கீழ்பவானிக் கால்வாய்ப் பாசனம் 2,07,000 ஏக்கருக்கு விரிந்தது. அப்பரப்பை இரு பாதியாக்கி, ஒரு பருவத்தில் ஒரு பாதிக்கு நெல்லுக்கும், மறுபருவத்தில் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்கும் நீர் விடுவது முறை. நன்செய், புன்செய் என்ற நம் பாகுபாடு தாவிக்கு இல்லை. இரண்டும் புல்லினமே என்பதைத் தாவரவியலார் சொல்லுமுன் அது அறிந்திருந்தது.

தமிழில் ஒரு பெயர்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உயிர் மூவகைப் பார்வைக்கு ஆளானது தெரியவரும். இலத்தீன் நூலார்க்கு அது பெட்டியில் குத்திவைக்கத்தக்க ஒரு மாதிரி. வேளாண் நூலார்க்குப் பட்டியலில் சேர்க்கத்தக்க ஒரு பகை. தமிழிலக்கியத்தார்க்கு அஃது இல்லாத ஒன்று. முதலிரண்டும் குறைபாடுடையன எனினும் பார்வைகள். மூன்றாவது பார்வையே அன்று.

பெயரில்லாததால் என்ன குறைந்துவிட்டது என்று சிலர் வினவக்கூடும். வகுப்பில் மரபியலை நடத்தும்போது, கல்லூரிக்கு வரும் வழியில் கண்ட பூச்சிகளைப் பெயர் சொல்லி எழுதுமாறு மாணவரை நாம் கேட்பதுண்டு. ஈ, எறும்பு, கொசு, கரப்பான், பட்டாம்பூச்சி என்ற அளவில் பெரும்பாலோர் நின்றுவிடுவர். அவர்கள் சோம்பியவர் அல்லர். சொல் இல்லாத இடத்தில் கண் நிற்பதில்லை. சோளக்காடுகள் மனைகளாக மாறிவரும் இந்நாளில், எது போயிற்று என்று சொல்வதற்கேனும் இருந்ததன் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?

அண்மைக் காலத்தில் நிலை மாறத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. கோவையை மையமாகக் கொண்டு வண்ணத்துப்பூச்சி ஆர்வலர் பலர் உழைத்துவருகின்றனர். இனங்களுக்குத் தமிழ்ப்பெயர் இடும் முயற்சியும் நடைபெறுகிறது. 2019இல் தமிழ்நாடு அரசு, ஆங்கிலத்திலேயே 'தமிழ்' என்னும் அடையுடன் வழங்கிய ஒரு மலைவாழ் இனத்தைத் 'தமிழ் மறவன்' என்று பெயரிட்டு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. நல்ல தேர்வு, நல்ல பெயர். ஆயினும் அஃது ஆரஞ்சு நிறம் சுடரும் மறவன். லின்னேயசின் குதிரை வீரர் வரிசையை ஒத்ததொரு மதிப்பு அதற்கு எளிதிற் கிடைத்துவிட்டது. பழுப்பு நிறக் குடிகள் இன்னும் காத்திருக்கின்றன.

மாதியாசுக்கு என்ன பெயர் இடலாம்? உழவர் வாயில் ஏதேனும் ஒரு பெயர் வழங்குமாயின் அதுவே தலையாயது; அகராதிகள் அதன்பின் வரலாம். இல்லையெனில், அதன் ஆண் சிறகிலுள்ள குறியைக் கொண்டு 'சூட்டுக்கோட்டுத் தாவி' என்று அழைக்கலாம் என்பது நம் கருத்து. மாட்டுக்குச் சூடிட்டு அடையாளங் கண்ட ஊர்களில் அப்பெயர்க்கு விளக்கம் தேவைப்படாது. இதனினும் சிறந்த பெயர் கூறுவோர் இருப்பின் ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கிறோம்.

பெயர் எதுவாயினும், அதற்கு முன்னர்ச் செய்யத்தக்க செயல் ஒன்றுண்டு. அடுத்தமுறை வயல்வரப்பில் நடக்குங்கால், இலையொன்று நீளவாக்கில் மடிந்து வெண்ணூலால் தைக்கப்பட்டிருந்தால், கிள்ளி எறியாமல் சற்றே குனிந்து நோக்குங்கள். அருகில் எங்கேனும் பின்சிறகைப் பரப்பி, முன்சிறகைப் பாதி உயர்த்தி, அது வெயில் காய்ந்துகொண்டிருக்கக்கூடும்.